அண்ணனின் அடினியமும் தஞ்சாவூர்க் கூட்டமும்

அண்ணன் குமரேசன் போனில் கூப்பிட்டு, “புரட்டாசில லீவு கெடைக்குமா?” என்று கேட்டபோது வீட்டில் ஏதோ விசேஷம் என்று நினைத்தேன். விசேஷம் இல்லை, கூட்டம். வெளிநாட்டிலிருந்து வரும் செடிகளுக்கும் விதைகளுக்கும் அரசாங்கம் புதிதாக விதிகள் எழுதியிருக்கிறது. அவற்றைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கத் தஞ்சாவூரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கப்போகிறது. கும்பகோணத்துக்குக் கிழக்கே குத்தாலம் பக்கத்தில் அண்ணன் நர்சரி வைத்திருக்கிறான். சுற்றுவட்டாரத்து நர்சரிக்காரர்கள் சேர்ந்து அவனைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அவன் என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறான்.

“நீ அதே தொழில்ல இருக்கிறவ. ரூல்ஸக் கொஞ்சம் கொறைங்கன்னு ஒரு பேப்பர் எழுதிக் குடு. நீ எழுதுனா ஆபீசருங்க கேப்பாங்க” என்றான்.

என் தொழில் இதுதான்: ஆக்லாந்து விமான நிலையத்தில் வந்திறங்குகிறவர்களின் பெட்டிகளில் செடி, விதை, பழம், மண் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது. பதினான்கு வருடமாகப் பார்க்கிறேன். மாங்கொட்டையிலிருந்து வாழைக்கன்று வரை எத்தனையோ பொருளைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டிருக்கிறேன். அண்ணியின் சித்தப்பா மகள் ஒருத்தி வெள்ளரி விதையைப் புடவை மடிப்பில் வைத்துக்கொண்டு வந்து என்னிடமே மாட்டினாள். இன்றுவரை அவள் என்னோடு பேசுவதில்லை. விதிகளைக் குறைக்கச் சொல்லி எழுத என்னைவிடப் பொருத்தமில்லாத ஆள் கிடையாது. அண்ணனிடம் அப்படியே சொன்னேன்.

“சரி, வந்து சாப்டுட்டாவது போ” என்றான். லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

கும்பகோணத்தில் விடிந்தது. செடி ஏற்றும் மினி வேனோடு அண்ணன் வந்து நின்றான். முதல் காரியமாக ஓட்டலுக்குப் போனோம். இட்லியும் கடப்பாவும். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் சேர்ந்த அந்தக் குழம்பை ஆக்லாந்தில் நான் எத்தனை முறை செய்து பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒருமுறைகூட இது வரவில்லை. பரிமாறுகிறவர் என் இலையைப் பார்த்துவிட்டு, “கடப்பா மட்டும் தனியா நிக்குதேம்மா, ரெண்டு இட்லி வெக்கவா?” என்றார். வைத்தார். பிறகு இன்னும் இரண்டு வைத்தார்.

குத்தாலம் போகும் வழியெல்லாம் குறுவை அறுவடை. ஒரு பக்கம் அறுத்த வயல், மறுபக்கம் சம்பாவுக்கு உழுத சேறு, நடுவில் ரோட்டை அடைத்துக்கொண்டு அறுவடை எந்திரம். நான் இருக்கும் ஊரில் ரோட்டை மறித்தால் அது பசுக்கூட்டமாக இருக்கும். அங்கே எல்லோரும் எஞ்சினை அணைத்துவிட்டு அமைதியாகக் காத்திருப்பார்கள். இங்கே எல்லோரும் ஹாரனில் கைவைத்தபடி காத்திருந்தோம். எந்திரத்தை ஓட்டியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் தமிழரசி அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, “எளச்சிட்டியேம்மா” என்றார். நான் இளைக்கவில்லை. இருந்தாலும் கேட்கச் சுகமாக இருந்தது.

மறுநாள் காலை நர்சரிக்குப் போனோம். வாய்க்காலை ஒட்டிய இடம். முன்பக்கம் பச்சை வலைக்குக் கீழே தென்னங்கன்று, மா ஒட்டு, கொய்யா, எலுமிச்சை. பின்பக்கம் நான் பார்த்திராத புதுக் கொட்டகை ஒன்று. இரும்புக் குழாய்களை வளைத்து நட்டு, மேலே தடித்த பிளாஸ்டிக் தாள் போர்த்தி, தரைக்குச் சிமெண்டு பூசியிருந்தான்.

“இதுக்கு மட்டும் மழையே ஆகாது, அடி அழுகிடும்” என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தான்.

உள்ளே முழுக்க அடினியம். பானை மாதிரி உப்பிய தண்டு, அதன் தலையில் கொத்தாகப் பூ. சிவப்பு, மஞ்சள், கறுப்பென்றே சொல்லத்தக்க ஒரு கருஞ்சிவப்பு, ஓரம் மட்டும் ஊதா தீட்டின வெள்ளை. அண்ணனின் நண்பர் ஒருவர் தாய்லாந்துக்கு அடிக்கடி போகிறவர். பெட்டியில் துணிகளுக்கு நடுவே குச்சிகளைச் சுற்றிக்கொண்டு வந்து தருவார். அண்ணன் அவற்றை உள்ளூர்ச் செடியில் ஒட்டுக் கட்டி வளர்த்திருக்கிறான். மூன்று வருட வேலை. ஒவ்வொரு தொட்டியிலும் அவன் கையெழுத்தில் ஒரு பெயர்ச்சீட்டு. ஒரு ஒட்டைத் தொட்டுக் காட்டினான். எங்கே வெட்டினான், எங்கே சேர்த்தான் என்றே தெரியவில்லை. அண்ணனுக்கு இப்படி ஒரு கை இருப்பது எனக்குத் தெரியாது. பெருமையாக இருந்தது.

பழக்கதோஷம், குனிந்துவிட்டேன். மூன்றாவது வரிசையில் ஒரு தண்டின் மேல் எறும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. எறும்பு சும்மா ஏறாது. இலையைத் திருப்பினேன். நரம்பை ஒட்டி வெள்ளையாக, பஞ்சைப் பிய்த்து ஒட்டினதுபோல.

“இது எப்பலேருந்துண்ணே இருக்கு?”

“அது மாவுப்பூச்சி. எல்லா நர்சரிலயும் இருக்கும். சோப்புத் தண்ணி அடிச்சா போயிடும்.”

“அடிச்சியா?”

“அடிச்சேன்.”

“போச்சா?”

அண்ணன் பெயர்ச்சீட்டை நேராக்கினான். நான் அடுத்த தொட்டிக்குப் போனேன், அதற்கடுத்ததற்கும் போனேன். கடைசியாக வந்த குச்சிகளை வைத்திருந்த மூலையில்தான் அதிகம்.

மாவுப்பூச்சியில் எத்தனையோ வகை. இங்கேயே காலங்காலமாக இருக்கிற வகையா, பெட்டியில் வந்த வகையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. பூச்சி படித்தவர்கள் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கவேண்டும். அதைச் சொன்னேன். விவசாய அலுவலகத்தில் காட்டிவிடலாம் என்றும் சொன்னேன்.

“காட்டுனா என்ன கேப்பான்? செடி எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பான். பர்மிட் எங்கம்பான். புது ரூல்ல என்ன போட்டிருக்கு தெரியுமா? பர்மிட் இல்லாத செடி இருந்தா லைசன்ஸே போயிடும். தென்னங்கன்னும் கூடச் சேந்து போயிடும்.”

“அண்ணே, அடுத்தாப்ல வயலு இருக்கு.”

“நீ அங்க ஆபீசர், வாசுகி. இங்க என் தங்கச்சி” என்று சொல்லிவிட்டுக் கொட்டகையைப் பூட்டினான்.

அடுத்தாற்போல் இருக்கிற வயல் மல்லிகா அக்காவினுடையது. சொந்தமில்லை, குத்தகை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். குறுவை, சம்பா, கோடையில் பருத்தி என்று மூன்றுக்கும் தனியாக நின்று பார்க்கிறவர். சாயங்காலம் அந்தப் பக்கம் நடந்தேன். பொழுதுபோகாத மாதிரி ஒரு நடை, ஆனால் கண் மட்டும் வரப்போரத்துச் செடிகளின் மேல். வெண்டை, செம்பருத்தி, மோட்டார் கொட்டாய் அருகே ஒரு பப்பாளி. எல்லாவற்றின் இலையையும் திருப்பினேன். சுத்தமாக இருந்தன.

“என்ன தேடுற?” என்று பின்னாலிருந்து குரல். மல்லிகா அக்கா அறுக்கப்போகும் வயலில் கதிரைக் கசக்கி வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார், நெல் காய்ந்த பதம் பார்க்க.

“சும்மாக்கா. மாவுப்பூச்சி இருக்கான்னு.”

“அந்தப் பீடை பேரச் சொல்லாத” என்றார். பல வருடம் முன்பு அவர் வீட்டுப் பப்பாளி மரங்கள் சுண்ணாம்பு அடித்தாற்போல வெளுத்து, காய் சொட்டைவிழுந்து செத்துப்போன கதையைச் சொன்னார். பிறகு செம்பருத்தி, பிறகு வயலில் இருந்த பருத்தி. எந்த மருந்துக்கும் அசையவில்லை. கடைசியில் வெளிநாட்டிலிருந்து கண்ணுக்கே தெரியாத ஒரு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், அது தின்று தீர்த்தது. “வந்ததும் வெளிநாடு, தீத்ததும் வெளிநாடு. நடுவுல போனது என் பருத்தி” என்றார்.

தஞ்சாவூரில் இதைப் பற்றித்தான் கூட்டம் என்று சொன்னேன்.

“நம்மளயெல்லாம் யாரு கூப்புட்டா?”

“யாரு வேணாலும் வரலாம்க்கா. பொதுக் கூட்டம்.”

“அப்ப வர்றேன். வண்டில எடம் இருக்குமா?”

இருக்கும் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் அண்ணன் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்தான்.

“அவங்கள ஏன் கூப்ட்ட?”

“அவங்க வயலுண்ணே.”

“அஞ்சு நாள்ல நீ பிளைட் ஏறிடுவ. நான்தான் அவங்க மூஞ்சிலயும் முழிக்கணும், நர்சரி சங்கத்துக்காரன் மூஞ்சிலயும் முழிக்கணும்.”

“ரெண்டு பேரும் சோத்து மேல கோவத்தக் காட்டாதீங்க” என்று அண்ணி இருவர் தட்டிலும் ரசம் ஊற்றினார்.

அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. நான் ஐந்து நாளில் போய்விடுகிறவள். சீருடையில், என் மேசைக்கு முன்னால் அந்தச் செடிகள் வந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிவு செய்திருப்பேன். இங்கே அவை அண்ணன் வளர்த்த செடிகள். மறுநாள் முழுக்க உட்கார்ந்து அவன் கேட்ட பேப்பரை எழுதினேன். சட்ட வரைவைத் தமிழில் தரவேண்டும், கருத்துச் சொல்லக் கூடுதல் அவகாசம் வேண்டும், பரிசோதனைக்கூடம் பக்கத்தில் இருக்கவேண்டும், சிறிய நர்சரிகளுக்குத் தனி விதி வேண்டும். எல்லாம் நியாயமான கோரிக்கைகள். கொட்டகையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அண்ணன் படித்துப் பார்த்து, “நல்லா எழுதிருக்க” என்றான். எனக்குத்தான் நன்றாக இல்லை.

கூட்டத்தன்று காலை நான், அண்ணன், அண்ணி, மல்லிகா அக்கா நான்கு பேரும் மினி வேனில் கிளம்பினோம். அண்ணனும் நானும் வழியில் பேசிக்கொள்ளவில்லை. பாபநாசம் தாண்டி, அய்யம்பேட்டைக்கு முன்னால் வேன் இரண்டு தடவை குலுங்கி நின்றது. அண்ணன் கீழே குனிந்து பார்த்தான், மேலே திறந்து பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான். இறங்கித் தள்ளினேன்.

எதிரே டீக்கடையில் வேளாங்கண்ணி போகிற கேரளத்துக்காரர்கள் ஒரு வேன் நிறைய நின்றிருந்தார்கள். அவர்களில் ஆறு பேர் கிளாசை வைத்துவிட்டு ஓடிவந்தார்கள். ஏழு பேரும் சேர்ந்து ஒரு பர்லாங் தள்ளினோம். வண்டி இருமக்கூட இல்லை. அவர்களில் பெரியவர் மலையாளத்தில் இன்னொருவரிடம் சொன்னார்: “நாம் தள்ளியும் ஓடவில்லை. இதை மாதாவிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை, மெக்கானிக்கிடம்தான் சொல்லவேண்டும்.” எனக்குப் புரிந்து சிரித்துவிட்டேன். அண்ணனும் சிரித்தான். இரண்டு நாளைக்கு அப்புறம்.

வேனை டீக்கடை ஓரம் விட்டுவிட்டுப் பஸ் ஏறினோம். உட்கார இடமில்லை. தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற ஒரு அம்மாள் தன் பையை மல்லிகா அக்கா மடியில் வைத்துவிட்டு, மகளின் பிரசவத்தைப் பற்றி ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்தார். ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்தபோது நாங்கள் எல்லோருமே அந்தக் குழந்தைக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு வந்திருந்தோம்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். போன முகூர்த்தத்தின் மாப்பிள்ளை பெயர் பாதி இன்னும் மேடைச் சுவரில் ஒட்டியிருந்தது. நாற்காலிகள் நிறைந்து, சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். நியூசிலாந்தில் இதே மாதிரி ஒரு கூட்டத்துக்குப் போயிருக்கிறேன். ஏழு பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் பிஸ்கட்டுக்காக வந்தவர்கள்.

தாமதமாகப் போனதால் பேசுகிறவர்களின் பட்டியல் மாறிவிட்டிருந்தது. வாசலில் இருந்தவர் வந்தவர் பெயரை வந்த வரிசையில் எழுதிக்கொண்டார். எங்களில் முதலில் படியேறினது மல்லிகா அக்கா. “நீங்க பேசுறீங்களாம்மா?” என்றார் அவர். அக்கா ஒரு நொடி யோசித்து, “எழுதிக்கங்க” என்றார். அண்ணன் பெயர் அவருக்குப் பின்னால் வந்தது. நான் பேச முடியாது, வேறு நாட்டு அரசாங்கத்தில் வேலை பார்ப்பவள்.

ஆரம்பமே அமர்க்களம். வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருந்தது. “எங்களுக்குப் புரியாததுக்கு எங்ககிட்ட எப்படிங்க கருத்துக் கேப்பீங்க?” என்று ஒருவர் எழுந்தார், பின்னாலேயே பலர் எழுந்தார்கள். தலைமை வகித்த அதிகாரி கண்ணாடி போட்ட பொறுமைசாலி. தமிழ்ப்படி தருகிறோம், அதற்கப்புறம் அவகாசமும் தருகிறோம் என்று சொல்லி எழுதிக்கொண்டார். தமிழ்ச் சுருக்கத்தைத் தானே வாசித்தார். ‘தாவரத் தனிமைப்படுத்தல்’ என்ற இடத்தில் முன்வரிசைக்காரர் ஒருவர், “கொரோனாவுக்கு நம்மள வச்சாங்களே, அது மாதிரியா சார்?” என்றார். “அதேதாங்க” என்றார் அதிகாரி. அதற்கப்புறம் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

சிலர் விதிகள் அதிகம் என்று பேசி முடித்த பிறகு மல்லிகா அக்காவை அழைத்தார்கள். அவருக்கு மைக்கைப் பிடிக்கத் தெரியாததால் ஒலிபெருக்கி ஒருமுறை கத்தியது.

“நான் நர்சரி இல்லைங்க, குத்தகைதாரு. இங்க பேசுன எல்லாரும் ரூலு ஜாஸ்தின்னு சொல்றாங்க. எனக்கு ரூலு தெரியாது. என் பப்பாளி செத்துச்சு, பருத்தி செத்துச்சு. எங்கேருந்தோ யாரோ கொண்டாந்த பூச்சி. கொண்டாந்தவன் வேணும்னு செஞ்சிருக்கமாட்டான். அழகா இருக்கேன்னு ஒரு செடிய எடுத்தாந்திருப்பான். ஆனா அவன் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலீங்க. வந்து ஒரு வார்த்த, ‘அக்கா, தெரியாம நடந்துபோச்சு’ன்னு சொல்லிருந்தா மனசாவது ஆறிருக்கும். அவ்வளவுதாங்க.”

வந்து உட்கார்ந்தார். அவருக்குக் கொட்டகை விஷயம் தெரியவே தெரியாது. நான் சொல்லியிருக்கவில்லை.

அண்ணன் என் பேப்பரை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனான். முதல் கோரிக்கையை வாசித்தான், இரண்டாவதையும் வாசித்தான். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

“என்கிட்ட இருக்குங்க” என்றான்.

அதிகாரி, “என்ன இருக்கு?” என்று கேட்டார்.

“பர்மிட் இல்லாத செடி. அடினியம். அதுல பூச்சி இருக்கு. என்ன பூச்சின்னு எனக்குத் தெரியாது. இப்ப பேசுனாங்களே, அந்தக்கா வயலு என் கொட்டாய்க்கு அடுத்த வயலு.” தண்ணீர் குடித்தான். “என் தங்கச்சி வெளிநாட்டு ஏர்போர்ட்ல இதே வேலை பாக்குது. அங்க பெட்டில இருக்கிறத மறைச்சாத்தான் தண்டனை. இருக்குன்னு தானா சொல்றவங்களுக்குத் தண்டனை இல்லியாம், பொருள மட்டும் எடுத்துக்குவாங்களாம். நீங்க எழுதிருக்க ரூல்ல சொல்றவன்தான் மொதல்ல மாட்டுவான். அப்பறம் எவன் சார் சொல்லுவான்? பூச்சி கொட்டாய்க்குள்ளயேதான் இருக்கும், எங்க பொழப்பு மாதிரி பூட்டிக்கிட்டு. சொல்றவனுக்கு ஒரு வழி எழுதுங்க. அது போதும். என் லைசன்ஸ என்ன பண்ணணுமோ பண்ணிக்குங்க.”

பின்வரிசையில் ஒருவர், “காட்டிக் குடுத்துட்டான்யா” என்றது தெளிவாகக் கேட்டது. அண்ணி என் முழங்கையை அழுத்திப் பிடித்திருந்தார். நான் மல்லிகா அக்காவைத் திரும்பிப் பார்க்கப் பயந்தேன்.

அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். நிமிர்ந்து, “இது எழுதவேண்டிய விஷயந்தான்” என்றார். “உங்க லைசன்ஸப் பத்தி நான் இன்னிக்கு ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா நீங்களே வந்து சொன்னீங்கன்னு கோப்புல இருக்கும்.” அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம்பெண் மைக்கை இழுத்தார். நஸ்ரின், பூச்சியியல் படித்தவர். அவர் கேட்டது ஒன்றுதான்: “சார், நாளைக்குக் காலைல வந்தா பாக்கலாமா?”

அண்ணன் இறங்கி வந்து மல்லிகா அக்கா முன்னால் நின்றான். “அக்கா, தெரியாம நடந்துபோச்சு” என்றான்.

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தார். “என் பப்பாளி நல்லாத்தான் இருக்கு. உன் தங்கச்சி பாத்துச்சு” என்றார். பிறகு, “ஒக்காரு தம்பி, வேத்துக் கொட்டுது” என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் எலுமிச்சைசாதமும் தயிர்சாதமும் பொட்டலமாகக் கொடுத்தார்கள். நான் நஸ்ரின் மேடத்தோடு பேசலாம் என்று போனேன். பேச முடியவில்லை, அவர் நாற்காலிக்கு முன்னால் வரிசை நின்றது. ஒருவர் போனில் எடுத்த படத்தைக் காட்டினார். ஒருவர் கைக்குட்டையில் மடித்த இலையைக் காட்டி, “இது என் நண்பரோட தோட்டத்துல” என்றார். மேடம் நண்பரைப் பற்றிக் கேட்கவில்லை, இலையை மட்டும் பார்த்தார். “காட்டிக் குடுத்துட்டான்” என்று சொன்னவர் வரிசையில் கடைசி ஆளாக, யாரையும் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தார். நான் பொட்டலத்தைப் பிரித்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். ஊறுகாய் பிரமாதம்.

மறுநாள் நஸ்ரின் மேடம் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வந்தார். சின்னச் சின்னக் குப்பிகளில் பூச்சிகளை எடுத்தார். லென்ஸில் பார்த்துவிட்டு, “முக்கால்வாசி நம்ம ஊர்ப் பூச்சிதான்னு நெனக்கிறேன். அந்த மூலைல இருக்கிறத மட்டும் என்னால சொல்ல முடியல. லேபுக்கு அனுப்புறேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒரு செடியும் வெளிய போகக்கூடாது” என்றார்.

“ரிசல்ட் வர்ற வரைக்கும் எறும்பு சும்மா இருக்குமாங்க?” என்று அண்ணன் கேட்டான்.

“இருக்காது.”

“அப்ப எரிச்சிடலாமா?”

“எரிக்காதீங்க. இந்தச் செடியோட பாலுக்கு விஷம் உண்டு, புகை ஆகாது. பையில கட்டி ஆழமாப் பொதைங்க.”

இந்த ஊரில் மூன்றடி தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். மேடான திடலாகப் பார்த்துக் குழி வெட்டினோம். வேலையாட்கள் இருந்தும் அண்ணன் ஒருவரையும் தொடவிடவில்லை. ஒவ்வொரு தொட்டியாகத் தானே தூக்கினான். பெயர்ச்சீட்டைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டான். அந்தக் கருஞ்சிவப்பு வந்தபோது மட்டும் கொஞ்சம் நின்றான். பிறகு பையை என்னிடம் நீட்டி, “நீ கட்டு. உனக்குத்தான் பழக்கம்” என்றான். வாங்கிக் கட்டினேன். பதினான்கு வருடத்தில் எவ்வளவோ பைகளைக் கட்டியிருக்கிறேன். கொடுத்தவரின் முகத்தை அத்தனை பக்கத்தில் பார்த்ததில்லை.

சுண்ணாம்பு கொட்டி மூடினோம். கொட்டகைத் தரையைக் கழுவிவிட்டோம். அன்று சாயங்காலம் அண்ணன் குளித்துவிட்டு வந்து அண்ணி சுட்ட வாழைப்பூ வடையை ஒன்பது சாப்பிட்டான். அண்ணி எண்ணிக்கொண்டிருந்தார். லேப் முடிவு இதை எழுதும்வரை வரவில்லை. அண்ணன் கேட்ட அந்தத் தனி வழியை விதியில் சேர்ப்பார்களா என்பதும் தெரியாது. தமிழ்ப்படி மட்டும் வந்துவிட்டதாம். அண்ணன் பேனாவோடு உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறானாம்.

நான் கிளம்பவேண்டிய நாள் மத்தியானம் மல்லிகா அக்கா வயலில் எந்திரம் இறங்கியது. நெல்லைப் பொலியாகக் குவித்துவிட்டு எந்திரம் அடுத்த வயலுக்குப் போனதுமே மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. கொள்முதல் நிலையத்தில் வரிசை நீளம், இன்றைக்கு எடுக்கமாட்டார்கள். நனைந்த நெல்லை ஈரம் என்று திருப்பிவிடுவார்கள். அக்காவிடம் ஒரு தார்ப்பாய் இருந்தது. குவியல் அதைப்போல மூன்று மடங்கு.

அண்ணன் நர்சரியிலிருந்து அந்தக் குவியலைப் பார்த்தான், காலிக் கொட்டகையைப் பார்த்தான். உடனே போனை எடுத்து நஸ்ரின் மேடத்தைக் கூப்பிட்டான். “மேடம், அந்தக் கொட்டாய்ல நெல்லு கொட்டலாமா?”

நான் பக்கத்தில் நின்றதால் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. “நெல்லு பரவால்ல சார். பச்சை எலை மட்டும் ஒரு மாசத்துக்கு வேணாம்.”

“அக்கா!” என்று வாய்க்காலுக்கு இந்தப் பக்கமிருந்து அண்ணன் கத்தினான். “இங்க கொண்டாங்க! இங்க கொண்டாந்து கொட்டுங்க!”

சாக்கு, கூடை, செடி சுமக்கிற தட்டு, கையில் அகப்பட்டதிலெல்லாம் அள்ளினோம். அண்ணி புடவையைச் சொருகிக்கொண்டு மூட்டை தூக்கினார். நர்சரி ஆட்கள், அக்காவின் ஆட்கள், ரோட்டில் போன ஒரு டிராக்டர்காரர். ஊருக்குப் போக உடுத்தியிருந்த சுடிதாரோடு நானும் வரப்பில் ஓடினேன். நெல் சுணை கழுத்தெல்லாம் அரித்தது. கடைசிக் கூடை உள்ளே போய்க்கொண்டிருந்தபோது முதல் துளி விழுந்தது. கதவை இழுத்து மூடுவதற்குள் கொட்டத் தொடங்கிவிட்டது.

பிளாஸ்டிக் கூரையின் மேல் மழை அடித்த அடியில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. மல்லிகா அக்கா அண்ணனிடம் ஏதோ சொன்னார். அவன் காதில் கைவைத்து, “என்னது?” என்று கத்தினான். அவர் இரண்டாவது முறை சொல்லவில்லை, கையை வீசிச் சிரித்தார். அண்ணி எப்படியோ ஒரு பிளாஸ்கில் டீ கொண்டுவந்திருந்தார். இருந்தது மூன்று டம்ளர். ஈரம் படாத நெல்லின் மேல் எல்லோரும் உட்கார்ந்து, கைமாற்றிக் கைமாற்றிக் குடித்தோம்.